ஆரோவில் மரங்கள்: அது காடா, இல்லையா? கண்காணிப்பது யார்?

பாண்டியிலிருந்து பைக்கில் கிளம்பி சுமார் 10 கி.மீ. போனால் வெயில் சட்டெனக் குறையும். ஆரோவில் வந்துவிட்டது என்று அர்த்தம். 1968-ல் அது தொடங்கியபோது அங்கே இருந்தது பெரும்பாலும் மழை அரித்த செம்மண் மேடுதான். இன்றைய நிழல் மனிதர்கள் நட்டு வளர்த்தது. பின்னால் கோர்ட்டில் வில்லங்கமானதும் இந்த விஷயம்தான்.

என்ன நடந்தது?

2021 டிசம்பரில், 'கிரவுன் ரோடு' என்ற வட்டச் சாலைக்காக டார்க்காலி பகுதியில் ஜேசிபி இறங்கியது. மாஸ்டர் பிளானில் உள்ள சாலைதானே என்றது ஆரோவில் ஃபவுண்டேஷன். பாதையைக் கொஞ்சம் மாத்தினா மரங்களைக் காப்பாத்தலாமே என்றனர் குடியிருப்பாளர்களில் ஒரு தரப்பினர். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1988-ம் ஆண்டு சட்டப்படி நிலம் ஃபவுண்டேஷனிடம். அது மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. நிலத்தின் காவலரும் அவர்களே, சாலை போடுபவரும் அவர்களே. மூன்றாவது ஆள் யாரும் இல்லை.

அந்த மூன்றாவது ஆளாக வந்தது பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. சுற்றுச்சூழல் அனுமதி வாங்குங்கள் என்று 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2025 மார்ச் 17-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. தீர்ப்பாயத்துக்கு இதில் அதிகார வரம்பே இல்லை என்பது காரணம்.

ஏன் இல்லை?

தீர்ப்பாயம் 7 சட்டங்கள் தொடர்பான வழக்குகளை மட்டுமே விசாரிக்க முடியும். வனப் பாதுகாப்புச் சட்டம் (1980) அதில் ஒன்று. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் (1972) அந்தப் பட்டியலில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. டார்க்காலி மனிதர்கள் வளர்த்தது என்பதால் சட்டப்படி 'காடு' இல்லை என்று தீர்ப்பாயமே சொல்லியிருந்தது. அப்புறம் எந்தக் கதவு வழியாக உள்ளே போவது?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேறு மாதிரி. அங்கே 1995 முதல் 'ஃபாரஸ்ட் பிராக்டீசஸ் போர்டு' என்ற தனி அமைப்பு இருக்கிறது. மரம் வெட்டும் கம்பெனியையும் ஆடிட் செய்யும், கண்காணிக்க வேண்டிய அரசையும் ஆடிட் செய்யும். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் புகார் தரலாம். அபராதம் போடும் அதிகாரம் கிடையாது. ஆனால் அறிக்கை பொதுவெளிக்கு வந்துவிடும். பல நேரம் அதுவே போதும்.

நம்மிடம் அப்படி எதுவுமே இல்லையா என்றால், பாதி இருக்கிறது. 2002-ல் உச்ச நீதிமன்றம் அமைத்த மத்திய அதிகாரக் குழு இன்னும் செயல்படுகிறது. டெல்லியில் 50 மரங்களுக்கு மேல் வெட்ட அதன் ஒப்புதல் வேண்டும் என 2024 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. ஆனால் 2023-க்குப் பிறகு அந்தக் குழுவின் உறுப்பினர்களை நியமிப்பது மத்திய அரசு.

உங்கள் ஏரியாவில் இப்படி நடந்தால் ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். பிரச்சினை தொடங்கி 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள் கிடைக்கும், அவ்வளவுதான்.