வழியிலேயே தொலையும் வெளிச்சம்

இருபது வருடம் ஓடிய காரில் ஹெட்லைட் மங்கினால் பெரும்பாலும் ஒரே கதைதான் நடக்கிறது. கடைக்குப் போய்ப் புது பல்பு மாட்டுகிறோம். இரண்டு நாள் தேவலை போலத் தெரிகிறது, பிறகு பழைய மங்கல் திரும்பிவிடுகிறது. அடுத்த முறை போனால், “நூறு வாட் போட்டுக்கங்க சார், பளிச்சுன்னு இருக்கும்” என்ற யோசனை கிடைக்கும். அதையும் போட்டுப் பார்க்கிறோம். சில மாதத்தில் பல்பு ஹோல்டர் உருகி, கருகிய வாடை வருகிறது. இத்தனைக்கும் பல்பு ஒரு தப்பும் செய்யவில்லை. பேட்டரியிலிருந்து புறப்பட்ட மின்சாரம் முழுதாக அதனிடம் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பழைய வண்டியில் ஹெட்லைட் கோளாறு என்றால் முதலில் பார்க்க வேண்டியது பல்பை அல்ல, அது வரைக்குமான வழியை.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800, அதற்கும் முந்தைய அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றது. அந்தத் தலைமுறை வண்டிகள் பலவற்றில், ஹெட்லைட்டுக்கான மொத்த மின்சாரமும் ஃபியூஸ், ஸ்டியரிங் அருகிலுள்ள சுவிட்ச், டிம்–பிரைட் சுவிட்ச், நாலைந்து கப்ளர்கள் என்று சுற்றித்தான் பல்புக்கு வருகிறது. வழக்கமான ஹெச்4 பல்பு 60/55 வாட். டிம்மில் இரண்டு பல்பும் சேர்ந்து 110 வாட், அதாவது ஏறக்குறைய 9 ஆம்பியர். வண்டி புதிதாக இருந்தபோது இது பெரிய சுமை இல்லை. வருடங்கள் போகப் போகச் சுவிட்சின் உள்முனை தேய்கிறது, கப்ளருக்குள் இருக்கும் பித்தளை டெர்மினலில் பச்சைக் களிம்பு ஏறுகிறது, ஒயரின் செம்பு கறுக்கிறது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று இந்த வேலையைச் சீக்கிரமே முடித்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தடை கூடி, மொத்தம் 0.1 ஓம் ஆனாலே போதும். 9 ஆம்பியர் ஓடும்போது கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும்.

ஒரு வோல்ட் கூட இல்லையே, அதற்கா இத்தனை பேச்சு என்று தோன்றலாம். ஹாலஜன் பல்பின் குணம் அப்படி. இழை எவ்வளவு சூடாகிறது என்பதைப் பொறுத்தே அதன் வெளிச்சம். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 10 சதவீதம் அல்ல, ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட் இருந்து பல்பில் 12 மட்டுமே வந்தால், கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் ஐந்தில் இரண்டு பங்கு காணாமல் போயிருக்கும். வெள்ளையாக எரிய வேண்டிய விளக்கு பழுத்த மஞ்சளாகத் தெரிவது இதனால்தான்.

இப்போது அந்த நூறு வாட் யோசனையைப் பார்ப்போம். 100/90 பல்பு இரண்டும் சேர்ந்து டிம்மில் இழுப்பது ஏறக்குறைய 15 ஆம்பியர். தடை அதே 0.1 ஓம்தான் என்றாலும் இழப்பு 1.5 வோல்ட்டாக உயர்கிறது. அதைவிட மோசமானது சூடு. தடையில் பிறக்கும் சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். முன்பு வழி முழுவதும் சேர்த்து 8 வாட்டாக இருந்த சூடு இப்போது 22 வாட் ஆகிறது. ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட்தான்! தடையில் பெரும்பங்கு சுவிட்ச் முனையிலேயே இருந்தால், அப்படி ஒன்றை ஸ்டியரிங்குக்குக் கீழே பிளாஸ்டிக்குக்குள் ஒளித்து வைத்தது போல ஆகிவிடுகிறது. நூறு வாட் மாட்டிய வண்டியின் கப்ளரைக் கழற்றிப் பார்த்தால், வெள்ளை பிளாஸ்டிக் ஒரு முனையைச் சுற்றி மட்டும் டீக்கறை நிறத்தில் பழுத்திருக்கும். அந்த டெர்மினலில் பளபளப்பு போயிருக்கும், ஒயரின் உறை விறைத்து, வளைத்தால் நொறுங்கும். கோளாறு எங்கே என்று வண்டியே கையைக் காட்டிச் சொல்லும் இடம் அது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரிய ஃபியூஸ் போடுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் அந்தச் சூட்டைத் தீயாக மாற்றும் காரியங்கள். தயவுசெய்து செய்யாதீர்கள்.

“ஒயரில் மீட்டர் வைத்தோம், 12 வோல்ட் சரியாக வருகிறது” என்று சொல்லும் எலெக்ட்ரீஷியன்கள் உண்டு. அவர்கள் பார்த்த எண் பொய்யில்லை, பார்த்த விதம்தான் பிசகு. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் அளந்தால் மின்சாரம் ஓடுவதே இல்லை. ஓடாதபோது தடை எதையும் விழுங்காது. அடைப்பு விழுந்த குழாயில்கூட, பைப்பை மூடி வைத்திருக்கும்வரை அழுத்தம் முழுதாகத்தான் இருக்கும். திறந்தால்தான் தண்ணீர் நூலாக வருவது தெரியும். ஆகவே பல்பு மாட்டியபடி, இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, கப்ளரின் பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி அளக்க வேண்டும். பேட்டரி முனைகளில் ஒரு தடவை, பல்பின் முனைகளில் ஒரு தடவை. வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வழி சரி. ஒன்றரை, இரண்டு என்று காட்டினால் எத்தனை பல்பு மாற்றினாலும் பயனில்லை.

இழப்பு எந்தப் பக்கம் என்பதையும் அதே மீட்டர் சொல்லும். பேட்டரி பாசிட்டிவுக்கும் பல்பின் லைவ் முனைக்கும் நடுவே அளந்தால் போகிற வழியின் இழப்பு; பல்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தால் திரும்புகிற வழியின் இழப்பு. நம் ஊரில் இரண்டாவதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டிங்கரிங், பெயிண்டிங் முடித்த வண்டிகளில் புதுப் பெயிண்டின் மேலேயே எர்த் ஸ்குருவை முடுக்கிவிடுவது உண்டு. தகரம் தொடாத எர்த் எப்படி வேலை செய்யும்? ஒரு பக்க விளக்கு மட்டும் மங்கினாலோ, இண்டிகேட்டர் போட்டால் பார்க் லைட்டும் சேர்ந்து சிமிட்டினாலோ, சந்தேகம் முதலில் எர்த் மேல் விழட்டும். ஸ்குருவைக் கழற்றி, உப்புத்தாளால் தகரம் மின்னும்வரை தேய்த்து, திரும்ப முடுக்கினால் பாதி நேரம் செலவில்லாமலே வேலை முடிந்துவிடும்.

போகிற வழியில் இழப்பு என்றால் நல்ல தீர்வு ரிலே. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேராகத் தடித்த ஒயர் ரிலேயின் 30-ஆம் முனைக்கு, 87-லிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் ஒயர் 85, 86 முனைகள் வழியாக ரிலேயை இயக்கினால் போதும். 9 ஆம்பியர் சுமந்த சுவிட்ச் இனி ஒரு ஆம்பியரில் சிறு பங்கைத்தான் சுமக்கும். பழைய வண்டியின் ஒயரிங்கில் கை வைப்பது ஆபத்து என்று தயங்குகிறவர்கள் உண்டு. முறுக்கி டேப் சுற்றும் வேலைக்கு அந்தப் பயம் நியாயமே. சரியான லக், ஃபியூஸ், ஹோல்டருடன் செய்தால் ரிலே அந்த ஒயரிங்கின் சுமையைக் குறைக்கிறது, கூட்டவில்லை.

இதெல்லாம் எதற்கு, எல்.இ.டி. மாட்டினால் தீர்ந்தது என்பது இன்றைய வாதம். அதில் ஒரு உண்மை உண்டு: எல்.இ.டி. குறைவான மின்சாரம் இழுப்பதால் வழியில் இழப்பும் குறையும். ஆனால் பழைய ஹெட்லைட்டின் ரிஃப்ளெக்டர், ஹாலஜன் இழை இருக்கும் துல்லியமான இடத்தை வைத்து வடிவமைக்கப்பட்டது. ஒளி வேறு இடத்திலிருந்து கிளம்பினால் சாலையில் விழ வேண்டியது எதிரே வருபவர் கண்ணில் விழும். முன்பெல்லாம் ஹெட்லைட் நடுவே கறுப்புப் பொட்டு வைத்தது அந்தக் கண்கூச்சத்தைத் தடுக்கத்தான். இன்னொரு பக்கம், மின்சாரத்தால் தீராத மங்கலும் இருக்கிறது. ரிஃப்ளெக்டரின் பளபளப்புப் பூச்சு உதிர்ந்திருந்தால், பல்பில் முழு 13.5 வோல்ட் வந்தாலும் வெளிச்சம் வராது. ஹெட்லைட்டையே மாற்ற வேண்டியதுதான். பல்பு அடிக்கடி போகிறது என்றால் எதிர்மாறான கோளாறைத் தேடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 15 வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இப்படித் தேட அரை மணி நேரமாகும். புது பல்புக்குக் காசு கொடுக்கத் தயங்காத நாம், கோளாறைக் கண்டுபிடித்ததற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். அதனால்தான் எலெக்ட்ரீஷியன்களும் பல்பையே விற்கிறார்கள். அடுத்த முறை ஹெட்லைட் மங்கினால், பானெட்டைத் திறந்ததும் எலெக்ட்ரீஷியனிடம் இரண்டே எண் கேளுங்கள்: விளக்கு எரியும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட், பல்பில் எத்தனை வோல்ட்? அளந்து சொல்பவரிடம் வேலையைக் கொடுங்கள், அந்த அரை மணி நேரத்துக்கான கூலியையும் மனமாரக் கொடுங்கள்.