“எந்த கேம், தம்பி?” – பிள்ளைகளின் செல்போன் விளையாட்டுகளைப் பெற்றோர் அறிந்துகொள்ள...



சில மாதங்களுக்கு முன் ஜும்ஆ பயானில் செல்போன் விளையாட்டுகளைப் பற்றிப் பேசினேன். நேரம் பாழாகிறது, தொழுகை பாழாகிறது, எல்லாவற்றையும் இன்றே அழித்துவிடுங்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். தொழுகை முடிந்ததும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் வந்து நின்றான். மதரஸாவில் என்னிடம் ஓதுகிற பிள்ளை. “ஹஜ்ரத், நான் மைன்கிராஃப்ட்ல ஒரு பள்ளிவாசல் கட்டியிருக்கேன். அதையும் அழிச்சிடணுமா?” என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மைன்கிராஃப்ட் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாத ஒன்றுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. “பிறகு சொல்கிறேன் தம்பி” என்று அனுப்பிவிட்டு, அடுத்த சில வாரங்கள் பிள்ளைகளிடமே கேட்டும், சிலவற்றை நானே விளையாடிப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

நம் வீடுகளில் ‘கேம்’ என்ற ஒரே சொல்லுக்குள் முற்றிலும் வேறுபட்ட பல விஷயங்கள் அடங்கியிருக்கின்றன.

முதல் வகை, பையன்கள் அதிகம் ஆடும் துப்பாக்கிச் சண்டை ஆட்டங்கள். 2017-ல் வந்த பப்ஜி இவற்றை உலகமெங்கும் பரப்பியது. நூறு பேர் ஒரு தீவில் இறங்குவார்கள். ஆயுதங்களைத் தேடி எடுத்து, ஒருவரை ஒருவர் வீழ்த்தி, கடைசியில் மிஞ்சுகிறவர் வெற்றியாளர். பப்ஜியின் செல்போன் பதிப்பை இந்திய அரசு 2020 செப்டம்பரில் தடை செய்தது. 2021-ல் அதுவே இந்தியாவுக்கென்று பி.ஜி.எம்.ஐ. என்ற பெயரில் வந்தது. இதே வகையைச் சேர்ந்தது, சிங்கப்பூர் நிறுவனத்தின் ஃப்ரீ ஃபயர். அதில் ஐம்பது பேர். பத்து நிமிடங்களில் ஆட்டம் முடியும். விலை குறைந்த போனிலும் ஓடும். 2022 பிப்ரவரியில் அது தடை செய்யப்பட்டபோது, அதன் இன்னொரு வடிவமான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தொடர்ந்து கிடைத்தது.

இரண்டாவது வகை, கட்டுகிற ஆட்டங்கள். மைன்கிராஃப்ட் 2009-ல் சுவீடனைச் சேர்ந்த ஒருவர் உருவாக்கத் தொடங்கியது. இன்று 30 கோடி பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. சதுரக் கட்டிகளை வெட்டி எடுத்து வீடு, பாலம், ஊர் என எதை வேண்டுமானாலும் கட்டலாம். ராப்லாக்ஸ் இதிலிருந்து வேறுபட்டது. அது ஒரே விளையாட்டு அல்ல. பயன்படுத்துகிறவர்களே உருவாக்கிய லட்சக்கணக்கான விளையாட்டுகள் உள்ள ஒரு சந்தை. அவற்றில் தோட்டம் வளர்ப்பதும் உண்டு, குழந்தைகளுக்குச் சற்றும் பொருந்தாதவையும் உண்டு. முன்பின் தெரியாதவர்கள் பிள்ளையோடு பேச வாய்ப்புள்ள இடம் என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை.

மூன்றாவது வகை, பழைய ஆட்டங்களின் செல்போன் வடிவங்கள்: கேரம், செஸ், லூடோ. ஊரடங்கு நாள்களில் துபாயில் இருக்கும் அத்தாவும் ஊரில் இருக்கும் பிள்ளைகளும் சேர்ந்து லூடோ ஆடிய வீடுகளை நான் அறிவேன். பகடை ஆட்டத்தைக் கண்டிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றிருப்பதால், பணம் வைக்காவிட்டாலும் லூடோவைத் தவிர்க்கச் சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நான்காவது வகை, ஒருமுறை விலை கொடுத்து வாங்கிவிட்டால் அதற்குமேல் எதுவும் கேட்காத ஆட்டங்கள். ஸ்டார்டியூ வேலி என்பது விவசாயம் செய்யும் விளையாட்டு. அமெரிக்க இளைஞர் ஒருவர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியாகவே உழைத்து 2016-ல் வெளியிட்டார். இன்றும் உலகமெங்கும் விரும்பி ஆடப்படுகிறது. விதைப்பது, தண்ணீர் ஊற்றுவது, மீன் பிடிப்பது, ஊராரோடு பழகுவது – இவைதான் பெரும்பாலும் ஆட்டம். அதில் மதுக்கடையும், மது தயாரிப்பும், அரக்கர்களோடு சண்டையும் வருகின்றன என்பதையும் தெரிந்துகொண்டே பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: “கேம் கூடுமா, கூடாதா?” என்பது முதல் கேள்வி அல்ல. “எந்த கேம்? அது எப்படிப் பணம் சம்பாதிக்கிறது?” என்பதுதான் முதல் கேள்வி.

துப்பாக்கி ஆட்டங்கள் இலவசம். பிறகு அவற்றை நடத்தும் நிறுவனங்களுக்கு வருமானம் எங்கிருந்து? ஆட்டத்துக்கு உள்ளே நடக்கும் விற்பனையிலிருந்து. ஃப்ரீ ஃபயரில் ‘டைமண்ட்’, பி.ஜி.எம்.ஐ.யில் ‘யு.சி.’, ராப்லாக்ஸில் ‘ரோபக்ஸ்’. ரூபாயைக் கொடுத்து முதலில் இவற்றை வாங்க வேண்டும். கையில் இருப்பது ரூபாயாகத் தெரியாததால் செலவின் வலியும் தெரிவதில்லை. ஒரு தாய் என்னிடம் போனைக் காட்டி அழுதார். வீட்டு வாடகைக்கு வைத்திருந்த தொகை, நூறும் இருநூறுமாக ஒரு மாதத்தில் கரைந்திருந்தது. யு.பி.ஐ. ரகசிய எண்ணை மகனுக்குச் சொல்லிக்கொடுத்தது அவரேதான்.

அந்த டைமண்டைக் கொண்டு பிடித்த சட்டையை நேராக வாங்கினால் அது வாங்கல் விற்றல். வீண்விரயமா என்று மட்டும் பார்க்கலாம். ஆனால் பல நேரங்களில் அரிய பொருள்களை நேராக விற்பதில்லை. சக்கரத்தைச் சுழற்று, பெட்டியைத் திற, அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்காவிட்டால் கொடுத்தது போயிற்று. இன்னொரு முறை சுழற்றத் தோன்றும். இது சூதாட்டத்தின் இலக்கணம் இல்லையா? 2018-ல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் இத்தகைய பணப்பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. சூரா அல்மாயிதாவின் 90, 91 வசனங்களில் மதுவோடு சேர்த்துச் சூதாட்டமும் தடுக்கப்பட்டிருப்பதையும், பகைமையும் தொழுகையை மறக்கச் செய்வதும் அதன் விளைவுகளாகச் சொல்லப்பட்டிருப்பதையும் நாம் ஓதியே வருகிறோம். நம் நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டம் பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களைத் தடை செய்திருக்கிறது. பிள்ளை சுழற்றும் அந்தச் சக்கரத்தைக் கவனிக்க வேண்டியவர்கள் பெற்றோர்தாம்.

அடுத்த கேள்வி: அது எப்போது முடியும்? வேர்டில் என்ற சொல் விளையாட்டு 2021-ல் பிரபலமானது. நாளுக்கு ஒரே ஒரு புதிர். முடித்தால் நாளைக்குத்தான் அடுத்தது. துப்பாக்கி ஆட்டங்களுக்கு அந்த வாசல் கிடையாது. ஒன்று முடிந்ததும் அடுத்தது தயார். நாள் தவறாமல் வந்தால் பரிசு, வராவிட்டால் இழப்பு.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. நால்வர் அணியாக ஆடும்போது நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் கூட்டாளிகள் தோற்பார்கள். மஃரிப் பாங்கு சொல்லும்போது “இதோ வந்துட்டேன் உம்மா” என்று பிள்ளை இழுப்பதை நாம் அலட்சியம் என்கிறோம். அவன் நண்பர்களைக் கைவிட மனமில்லாமல் இருக்கிறான். பி.ஜி.எம்.ஐ.யின் ஒரு பெரிய ஆட்டம் அரை மணி நேரம் போகும். ஆகவே பாங்குக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போதே “இதற்குமேல் புது மேட்ச் தொடங்காதே” என்று சொல்லிவிட வேண்டும். சில வீடுகளில் சொல்லிப் பார்த்தேன். அல்ஹம்துலில்லாஹ், சண்டை குறைந்தது என்றார்கள்.

எல்லை மீறினால் அது நோயாகவும் ஆகலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறையும் சேர்த்திருக்கிறது. கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முக்கியமாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது – இவை பொதுவாக ஓராண்டு நீடித்தால் அப்படிக் கருதுவார்கள். அத்தகைய பிள்ளைக்கு அடி தேவையில்லை, மருத்துவர் தேவை.

மார்க்கம் விளையாட்டுக்கு எதிரி அல்ல. ஆயிஷா (ரலி) அவர்கள் பொம்மைகள் வைத்து விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். பெருநாளில் அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு ஆடியபோது, ஆயிஷா (ரலி) போதும் என்னும்வரை கூடவே நின்று பார்க்க வைத்தார்கள். கூடவே நின்றார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

எனவே பெற்றோர்களே, போனைப் பிடுங்கும் முன் ஒருமுறை பக்கத்தில் உட்காருங்கள். “எந்த கேம் தம்பி? எனக்கும் சொல்லிக்கொடு” என்று கேளுங்கள். அதில் என்ன செய்கிறான், யாரோடு பேசுகிறான், எதற்குப் பணம் கேட்கிறது என்று பாருங்கள். ரகசிய எண்ணை மாற்றுங்கள். ப்ளே ஸ்டோரில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். ராப்லாக்ஸில் அரட்டையை நிறுத்தவும் செலவுக்கு வரம்பு வைக்கவும் பெற்றோருக்கென அமைப்பு உண்டு. சுழலும் சக்கரத்துக்கு ஒரு ரூபாயும் இல்லை என்பதைக் காரணத்தோடு சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் காரணம் புரியும்.

அந்த மாணவனை அடுத்த மாதம் கூப்பிட்டு, பள்ளிவாசலைக் காட்டச் சொன்னேன். இரண்டு மினாராக்கள், நடுவில் ஹவ்ளு, உள்ளே மிஹ்ராப். “கிப்லா எப்படிப் பார்த்தாய்?” என்று கேட்டேன். “அதுலயும் சூரியன் மேற்கேதான் மறையும் ஹஜ்ரத். நம்ம ஊர்ல கிப்லா மேற்குதானே, சாயங்காலம் வரைக்கும் காத்திருந்து பார்த்து வச்சேன்” என்றான்.

அழிக்க வேண்டாம் தம்பி என்றேன். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.