தேயாத குழல் ஏன் கைமாறுகிறது?

அமெரிக்காவில் துப்பாக்கிக் கடைக்குள் போனால், பழையவற்றுக்கென்று ஒதுக்கிய அடுக்கில் .22 அங்குலத் தோட்டா சுடும் ரைபிள்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். 1964 முதல் விற்பனையில் இருக்கும் ரூகர் 10/22, அதற்கு நான்கு ஆண்டு மூத்த மார்லின் 60, செக் நாட்டு சி.இசட். எல்லாம் இருக்கும். கடை கொஞ்சம் பெரிதென்றால் ஜெர்மனியின் உல்ம் நகரில் செய்த ஆன்ஷூட்ஸ்கூட இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை நல்ல நிலையில் இருப்பவை. மரம் பளபளக்கும், குழல் சுத்தமாக இருக்கும். அப்புறம் ஏன் விற்கிறார்கள்?

தேய்மானம் காரணமில்லை. அதிவேகத் தோட்டா சுடும் வேட்டைத் துப்பாக்கிகளின் குழலைச் சூடான வாயு அரித்து அரித்து, சில ஆயிரம் தோட்டாக்களிலேயே குறி சிதறத் தொடங்கிவிடும். .22-இல் அந்தப் பேச்சே இல்லை. குண்டு சுமார் 2.6 கிராம் எடையுள்ள மிருதுவான ஈயம், அதன்மேல் மெழுகுப் பூச்சு. உள்ளே இருக்கும் வெடிமருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒழுங்காகப் பராமரித்தால் லட்சம் முறை சுட்ட பிறகும் அந்தக் குழல் உழைக்கும். சுட்டுக் கெட்ட குழலைவிட, துடைக்கும் கம்பியை முரட்டுத்தனமாக விட்டுக் கெடுத்த குழல்தான் அதிகம் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள்.

விற்பவர்களில் சிலருடைய காரணம் சாதாரணமானது. பிள்ளைக்கு வாங்கிய சிறிய ரைபிள், பிள்ளை வளர்ந்ததும் தோளுக்குப் பொருந்தாமல் போகிறது. தாத்தா விட்டுப்போனது பேரனுக்குத் தேவைப்படுவதில்லை. வேறொன்று வாங்கப் பணம் வேண்டியிருக்கிறது.

தோட்டா கிடைக்காமல் விற்றவர்களும் உண்டு. 1970 வாக்கில் ரெமிங்டன் நிறுவனம் .22 சேர்ந்த ரிம்ஃபயர் வகையில், 5 மி.மீ. விட்டத்தில் ஒரு புதிய தோட்டாவையும் அதற்கென்றே இரண்டு ரைபிள்களையும் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் ரைபிள் உற்பத்தி நின்றது. பிறகு தோட்டாவும் நின்றது. நல்ல துப்பாக்கி, ஆனால் உள்ளே போட ஒன்றுமில்லை. வெகுகாலம் கழித்து மெக்சிகோவில் அந்தத் தோட்டா மறுபடி தயாராகும்வரை உரிமையாளர்கள் காத்துக்கிடந்தார்கள், அல்லது கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். மற்ற வகைத் தோட்டாக்களின் காலி உறையை எடுத்து, வீட்டிலேயே மருந்தும் குண்டும் புதிதாக நிரப்பிக்கொள்ளலாம். ரிம்ஃபயரில் நடைமுறையில் அதற்கு வழியில்லை. ஏன் இல்லை என்பதில்தான் மீதிக் கதையும் அடங்கியிருக்கிறது.

ரிம்ஃபயர் தோட்டா உறையின் அடிப்பகுதியைச் சுற்றி மெல்லிய விளிம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அந்த விளிம்பின் உள்ளே வெற்றிடம். அதில்தான், தட்டினால் பற்றிக்கொள்ளும் மருந்தை வைத்திருக்கிறார்கள். தீபாவளிக் கேப்பைக் கல்லால் தட்டினால் வெடிக்கிறதே, அதுபோல. துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் அந்த மருந்து பற்றி, உள்ளே இருக்கும் வெடிமருந்தைக் கொளுத்துகிறது. 1857-இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் தன் முதல் ரிவால்வருக்கு இந்த அமைப்பில் .22 தோட்டா செய்தது. இன்று உலகம் முழுக்கச் சுடப்படும் .22 லாங் ரைபிள் 1887-இல் வந்தது. என்.சி.சி. முகாமில் தரையில் குப்புறப் படுத்துச் சுட்டவர்கள் கையாண்டதும் .22தான். நசுங்கிய விளிம்பை நிமிர்த்தி மறுபடி மருந்து வைப்பது நடைமுறையில் முடியாது. தொழிற்சாலை என்ன தருகிறதோ அதுதான்.

தொழிற்சாலையில் அந்த மருந்தை ஈரக் களிம்பாக உறைக்குள் விட்டு, உறையை அதிவேகமாகச் சுழற்றுகிறார்கள். சுழற்சியில் களிம்பு வெளிப்பக்கம் ஒதுங்கி விளிம்புக்குள் போய் நிரம்புகிறது. விளிம்பின் சுற்றளவு முழுக்க மருந்து ஒரே சீராக நிற்க வேண்டும். ஓரிடத்தில் கொஞ்சம் மெலிந்து, ஊசி அந்த இடத்தில் விழுந்தால், பற்றும் வேகம் மாறும். குண்டின் வேகமும் மாறும். விளிம்பின் தடிமன், ஈயத்தின் எடை, மெழுகின் கனம் என்று மாறக்கூடியவை இன்னும் பல. இத்தனையும் இவ்வளவு மலிவான ஒரு பொருளில் இந்த அளவுக்காவது கட்டுக்குள் நிற்கிறதே என்பது எனக்குத் தீராத வியப்பு.

அந்தச் சிறு மாறுதல் இலக்கில் எவ்வளவு தெரியும்? போட்டித் தோட்டாவின் வேகம் நொடிக்குச் சுமார் 325 மீட்டர், அதாவது ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே. 50 மீட்டரைக் கடக்கும் நேரத்தில் புவியீர்ப்பு குண்டை ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. ஒரு குண்டு நொடிக்கு 330 மீட்டரிலும் அடுத்தது 320 மீட்டரிலும் போனால், இரண்டாவது 7 மி.மீ. கீழே விழும். ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் மொத்த விட்டமே 10.4 மி.மீ. சுடுபவரின் கை அசையவே இல்லை என்றாலும், மருந்து மட்டுமே இவ்வளவு கெடுத்துவிடும்.

இங்கே குழல் குறுக்கிடுகிறது. குண்டு குழலுக்குள் இருப்பது 2 அல்லது 3 மில்லி செகண்டுதான். ஆனால் அதற்குள்ளேயே குழல் அதிர ஆரம்பித்துவிடுகிறது. அதன் முனை நுண்ணிய அளவில் மேலும் கீழும் ஆடுகிறது. மெதுவான குண்டு முனைக்குச் சற்றுத் தாமதமாக வந்து சேரும். அந்தக் கணத்தில் முனை மேல்நோக்கி எழுந்துகொண்டிருந்தால், மெதுவான குண்டு சற்று உயரமான திசையில் புறப்படும். அதன் கூடுதல் வீழ்ச்சியை அந்த உயரம் ஈடுகட்டிவிடும். 50 மீட்டரில் அந்த 7 மி.மீ.யைச் சரிசெய்ய முனை வெறும் 0.008 டிகிரி எழுந்தால் போதும். வேகமானதும் மெதுவானதும் ஒரே துளையில் போய் விழும். முனை இறங்கிக்கொண்டிருக்கும் கணமாக இருந்தால் எல்லாம் தலைகீழ், சிதறல் கூடும். போட்டியாளர்கள் குழல் முனையில் சிறு எடையைத் திருகி, முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பது இந்தக் கணத்தைப் பிடிக்கத்தான்.

ஆகவே ஒரு ரைபிளுக்கு உகந்த தோட்டா, அதே தொழிற்சாலையில் அதே வாரம் செய்த இன்னொரு ரைபிளுக்கு உகந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பெயரில் வரும் தோட்டாவிலும் லாட்டுக்கு லாட், அதாவது தயாரித்த தொகுதிக்குத் தொகுதி, வித்தியாசம் உண்டு. உயர்தரத் தோட்டாப் பெட்டியில் லாட் எண் அச்சிட்டிருப்பது வெறும் கணக்குக்காக இல்லை. இங்கிலாந்தின் எலீ நிறுவனமும், ஜெர்மனியின் ஷோனபெக் நகரில் ஆலை வைத்திருக்கும் லாபுவா நிறுவனமும் இதற்கென்றே சோதனைக் கூடங்கள் நடத்துகின்றன. வீரர் தன் ரைபிளைக் கொண்டுபோவார். அதை ஒரு பிடிமானத்தில் இறுக்கி, பல லாட்களைச் சுட்டுப் பார்த்து, எது மிக நெருக்கமாக விழுகிறதோ அந்த லாட்டை ஆயிரக்கணக்கில் வாங்கிப் பத்திரப்படுத்திக்கொள்வார்.

வீட்டுக்கு ஒரு .22 வாங்கிய ஆளுக்கு அந்த வசதி எங்கே? பக்கத்துக் கடையில் இருக்கிற நாலு வகைத் தோட்டாவை வாங்கி, வகைக்கு ஐந்து சுட்டுப் பார்க்கிறார். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, முந்தைய மெழுகு போய்ப் புதிய மெழுகு குழலுக்குள் படியப் பத்திருபது தோட்டாவாவது ஆகும் என்பதை அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐந்து தோட்டா குரூப், அதாவது இலக்கில் ஐந்து துளைகளும் பரவியிருக்கும் அகலம், என்பதே நம்பகமில்லாத அளவுகோல். சராசரியாக 15 மி.மீ. குரூப் போடும் ரைபிள், எதுவும் மாறாமலேயே ஒரு தடவை 11 காட்டும், அடுத்த தடவை 19 காட்டும். இரண்டும் தற்செயல். 19 வந்த நாளில் துப்பாக்கியின் மேல் நம்பிக்கை போகிறது. கொஞ்ச நாளில் அது கடை அடுக்குக்கு வந்துவிடுகிறது. வாங்கியவர் வேறு தோட்டா போடுகிறார், 11 வருகிறது. இவ்வளவு நல்ல ரைபிளை எப்படி விற்றார்கள் என்று வியக்கிறார்.

என் கணிப்பில், குறி சரியில்லை என்று விற்கப்படும் .22-களில் பலவற்றின் மேல் குற்றமே இல்லை. அவற்றுக்குப் பொருந்தும் தோட்டா அந்த வீட்டுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். 2012 டிசம்பருக்குப் பிறகு, புதிய துப்பாக்கிச் சட்டம் வந்துவிடும் என்ற பயத்தில் அமெரிக்கர்கள் தோட்டாவை வாங்கிக் குவித்தார்கள். அதன் பிறகு நெடுநாள் .22 தோட்டா கிடைப்பதே அரிதாக இருந்தது. கிடைத்த எதையோ போட்டுச் சுட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பழிப்பது அந்தக் காலத்தில் சுலபமாக நடந்திருக்கக்கூடியது.

உண்மையான பழுதும் உண்டு. பழையதை வாங்குகிறவர் அதைத் தேடத்தான் வேண்டும். குழல் முனையின் வட்ட விளிம்பில் வடு இருந்தால், வெளியேறும் வாயு ஒரு பக்கமாகக் குண்டைத் தள்ளும். தோட்டா உட்காரும் அறைக்கு முன்னால் கரி வளையமாக இறுகியிருக்கலாம். அது சுத்தம் செய்தால் போய்விடும், சுத்தம் செய்யாமலே விற்பவர்களும் இருக்கிறார்கள். பழைய மாடல்களில் தோட்டா இல்லாமல் விசையை இழுத்து இழுத்து, ஊசி நேராக அறையின் வாயிலேயே மோதிப் பள்ளம் விழுந்திருக்கலாம். ஒரு டார்ச்சும் பூதக்கண்ணாடியும் இருந்தால் இந்தப் பள்ளத்தைக் கடையிலேயே பார்த்துவிடலாம். விற்பவர் எந்தத் தோட்டாவைச் சுட்டார், எந்த லாட் என்று கேட்பதற்குச் செலவே இல்லை. அவர் தயங்காமல் லாட் எண்ணைச் சொன்னால், அவர் கொடுக்கும் குரூப் அளவுக்கு மதிப்பு உண்டு. "கடையில் கிடைத்ததைப் போட்டேன்" என்றால், அந்த ரைபிளை இன்னும் யாரும் சரியாகச் சோதிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு விலை பேசலாம்.