அவுரித் தொட்டியிலிருந்து காளான் படுக்கை வரை

திருப்பதியிலிருந்து சென்னைக்கு வரும் சாலையில் வடமாலபேட்டை டோல்கேட்டைத் தாண்டினால் புத்தூர், அதையும் தாண்டினால் நகரி. கை கால் முறிந்து கட்டுப் போட வந்தவர்கள் புத்தூரை மறக்க மாட்டார்கள். அப்பலாயகுண்டா பெருமாளைச் சேவிக்க வருபவர்கள் வடமாலபேட்டையில் திரும்பிவிடுவார்கள். பத்மாவதித் தாயாரின் பிறந்த வீடு என்று சொல்லப்படும் நாராயணவனம் புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. கோயிலுக்கு வந்து போகிறவர் கண்ணில் சட்டென்று படாவிட்டாலும், இந்த வட்டாரத்தில் அடுப்பெரிய வைப்பது தறிதான். வீட்டுக்குள் தமிழும் கடைத்தெருவில் தெலுங்குமாகப் பேசும் நெசவுக் குடும்பங்கள் இங்கே ஏராளம். 1960இல் திருத்தணி இந்தப் பக்கமும் புத்தூர், நகரி அந்தப் பக்கமுமாகப் பிரிந்த பிறகும் நூலும் சாயமும் சம்பந்தமும் எல்லை தாண்டிப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. 2022 ஏப்ரலில் வடமாலபேட்டையும் புத்தூரும் திருப்பதி மாவட்டத்துக்குப் போயின, நகரி சித்தூரிலேயே நின்றது.

தறி இருக்கும் ஊரில் சாயப்பட்டறை இருக்கும். பட்டறை இருந்தால் கழிவுநீரும் இருக்கும். நகரியில் அந்த நீர் குசஸ்தலி ஆற்றில் கலப்பதைப் பற்றி நாளிதழ்கள் பல வருடங்களாக எழுதுகின்றன. குசஸ்தலி வேறு யாருமில்லை, நம் கொசஸ்தலையாறுதான். அது கீழே இறங்கி வந்து சேரும் இடம், 1944இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம். சென்னைக்காரர்கள் குடிக்கும் தண்ணீர். ஆகவே ஆந்திராக்காரர்களின் பிரச்சினை என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

இதே வட்டாரம் ஒரு காலத்தில் சாயத்தை எப்படிக் கையாண்டது என்று பார்க்க அதிக தூரம் போக வேண்டாம். ரேணிகுண்டா வழியாக வடக்கே போனால் காளஹஸ்தி. அங்கே கலம்காரி எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கலை அழியும் நிலையில் இருந்தபோது, கமலாதேவி சட்டோபாத்யாயாவின் முயற்சியால் 1950களில் அங்கே ஒரு பயிற்சி மையம் வந்தது. இன்று நாம் பார்க்கும் காளஹஸ்தி கலம்காரி அதற்குப் பிறகு தழைத்தது.

அவர்கள் வேலை செய்யும் முறையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கோராத் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் நனைத்து உலர்த்துகிறார்கள். பாலின் கொழுப்பு, எழுதும் மை துணியில் பரவாமல் பிடித்துக்கொள்ளும். கறுப்பு மைக்குத் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். அந்த மை பானையில் இருக்கும்போது அத்தனை கறுப்பாக இராது. கடுக்காய் ஏறிய துணியில் பட்டதும்தான் கருக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் எழுதுகிறார்கள். அப்போது நிறமே தெரியாது. சாயவேரோ மஞ்சிட்டியோ போட்டுக் கொதிக்க வைத்தால் எழுதிய இடம் மட்டும் சிவக்கும். நடுநடுவே சொர்ணமுகியில் அலசுவார்கள். தேங்கிய நீரில் அலசினால் மிச்சப் படிகாரம் மற்ற இடத்தில் ஒட்டிக் கறையாகிவிடும், அதனால் ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும். ஆற்றுக்குப் போனவை கடுக்காய்த் துவர்ப்பு, வெல்லம், பால், கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் படிகாரம். அலசுகிறவர்களும் சில குடும்பங்கள்தான்.

நீலத்துக்கு அவுரி. இலையை ஊறவைத்து எடுத்த நீலக்கட்டி தண்ணீரில் கரையாது. அதைக் கரைய வைக்கத் தொட்டியைப் புளிக்க விடுவார்கள். தொட்டிக்குள் பாக்டீரியாக்கள் பெருகிப் பிராணவாயுவைத் தின்று தீர்த்ததும் நீலம் நிறம் இழந்து கரைசலாகும். நூலை முக்கித் தூக்கினால் பச்சையும் மஞ்சளுமாக வரும், காற்றுப் பட்டதும் நீலமாக மாறும். நாற்றம் ஊரைக் கூட்டும். நீலச் சாகுபடியின் பெயரால் வங்காளத்தில் குடியானவர்களைப் படுத்திய பாட்டையும் நினைத்தால், பழைய சாயமெல்லாம் புனிதம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கத் தோன்றுகிறது. அன்று கண்ணுக்குத் தெரியாத உயிர்களைச் சாயம் உண்டாக்க வேலைக்கு வைத்தோம். இன்று சாயத்தை ஒழிக்க அவற்றைத் தேடுகிறோம்.

நடுவில் நடந்தது வேதியியல். 1856இல் லண்டனில் பெர்க்கின் என்ற இளைஞர் மலேரியா மருந்து செய்யப் போய் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதற்கடுத்த சில ஆண்டுகளிலேயே அசோ சாயங்களுக்கு வழிவகுத்த வினையும் தெரிந்துவிட்டது. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் ஒரு பிணைப்பு, அதன் இரு பக்கமும் வளையங்கள். இன்று உலகில் செய்யும் சாயங்களில் பெரும்பகுதி இந்தக் குடும்பம்தான். 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவர, அவுரி வயல்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 1956இல் ரியாக்டிவ் சாயங்கள் வந்தன. இவை நூலின் மேல் ஒட்டுவதில்லை, பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பே போட்டுக்கொள்கின்றன. துவைத்துத் துவைத்து நூல் நைந்தாலும் நிறம் போகாது.

பட்டறையில் நடப்பது இதுதான். சிட்டம் சிட்டமாக நூலைக் கம்பில் மாட்டித் தொட்டியில் முக்குகிறார்கள். நூலும் சாயமும் தண்ணீரில் ஒரே மின்சுமை கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளும். அதைச் சமாளித்துச் சாயத்தை நூல் பக்கம் விரட்ட உப்புப் போட வேண்டும். அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலேயே போகும். பிறகு பிணைப்பு விழ சோடா. இத்தனை செய்தும் சாயத்தில் ஒரு பங்கு நூலோடு சேராமல் தண்ணீரோடு சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்தது எந்த நூலிலும் பிறகு ஒட்டாது, சாக்கடைக்குத்தான் லாயக்கு. போட்ட உப்போ ஒரு கிராம்கூட நூலில் தங்காது. முழுவதும் வெளியே போகும். தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் சாயம் இருந்தாலே கண்ணுக்குத் தெரியும் என்பதால் ஊர் சண்டை போடுவது நிறத்தைப் பார்த்துத்தான். உப்பு கண்ணில் படாது. கிணற்று நீர் கரிக்க ஆரம்பித்து, நாற்று கருகும்போதுதான் அது தெரியவரும்.

காளான் இந்தக் கதைக்குள் நுழைந்தது காட்டு வழியாக. மரத்துக்கு விறைப்பைத் தருவது லிக்னின். அதை உடைக்கத் தெரிந்த உயிர்கள் உலகில் மிகக் குறைவு, அவற்றில் கைதேர்ந்தவை வெள்ளை அழுகல் பூஞ்சைகள். மழைக்குப் பிறகு பட்ட மரத்தில் விசிறி விசிறியாக முளைப்பவற்றில் பலவும், சந்தையில் விற்கும் சிப்பிக் காளானும் இந்த வகை. லிக்னினுக்கு ஒரே மாதிரியான வடிவம் கிடையாது. அதனால் இந்தப் பூஞ்சைகள் ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்று நொதி செய்வதில்லை. எதன் மேலும் பாய்ந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் முரட்டு நொதிகளை உடலுக்கு வெளியே சுரக்கின்றன. அவற்றில் ஒன்றான லாக்கேஸை 1883இலேயே ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலில் யோஷிடா கண்டிருந்தார். சரியாக நூறு வருடம் கழித்து, 1983இல், லிக்னினைப் பிளக்கும் பெராக்சிடேஸ் ஃபனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சையில் பிடிபட்டது. அதே பூஞ்சை சாயத்தையும் வெளுக்கிறது என்று அதே ஆண்டில் கிளெனும் கோல்டும் எழுதினார்கள். லிக்னினை உடைக்கிற நொதிக்கு அசோ சாயம் இன்னொரு விறகுக்கட்டை, அவ்வளவுதான்.

நம் பக்கத்திலும் இந்த வேலை மும்முரமாகவே நடந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் முருகேசனும் கலைச்செல்வனும் வெள்ளை அழுகல் பூஞ்சைகளை வைத்துச் சாயங்களை வெளுத்தார்கள். கானோடெர்மா லூசிடம் என்ற பூஞ்சையின் லாக்கேஸ் ரியாக்டிவ் சாயங்களை என்ன செய்கிறது என்ற முருகேசனின் ஆய்வு 2007இல் வந்தது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் தெலிஃபோரா என்ற பூஞ்சையைச் சாயத் தொழிற்சாலைக் கழிவிலேயே விட்டுப் பார்த்து 2003இல் வெளியிட்டார்கள். ஆந்திரப் பக்கம், அனந்தபுரம் ஸ்ரீ கிருஷ்ணதேவராயா பல்கலைக்கழகத்தில் ராஜசேகர ரெட்டியின் குழு ஸ்டீரியம் ஆஸ்ட்ரியா என்ற மரக்காளானை வருடக்கணக்கில் ஆராய்ந்தது.

குடுவையில் இதைப் பார்ப்பது ஒரு வேடிக்கை. நீலச் சாயக் கரைசலில் வெள்ளைப் பூஞ்சை உருண்டைகளைப் போட்டால் முதலில் உருண்டைகள் நீலமாகும். சாயத்தை வெறுமனே உறிஞ்சிக்கொள்கிறது என்று நினைப்போம். நேரம் போகப் போகத் தண்ணீர் தெளியும், பிறகு உருண்டைகளும் மறுபடி வெளுக்கும். உறிஞ்சிய நிறத்தைப் பூஞ்சை தின்று தீர்த்துவிட்டது. பாக்டீரியாவை வைத்தும் அசோ சாயத்தை வெளுக்கலாம். காற்றில்லாத தொட்டியில் அவை அந்த நைட்ரஜன் பிணைப்பை நறுக்கென்று வெட்டிவிடும். ஆனால் வெட்டிய துண்டுகள் அமீன்களாக மிஞ்சும், அவற்றில் சில புற்றுநோய் வரவழைப்பவை. பூஞ்சையின் ஆக்சிஜனேற்றப் பாதை பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. இது பூஞ்சைக்கு உள்ள உண்மையான மேன்மை.

சரி, இத்தனை வருடம் கழித்தும் நகரியிலோ நாராயணவனத்திலோ பட்டறைக்குப் பின்னால் ஏன் ஒரு காளான் தொட்டியைக் காணோம்?

குடுவையில் இருப்பது சுத்தமான நீர், கிருமி நீக்கியது, புளிப்பான அமில நிலை, கொஞ்சம் சர்க்கரை, ஒரே ஒரு சாயம். பட்டறைக் கழிவு சூடாக வரும், காரமாக வரும், அதில் பத்துச் சாயம் கலந்திருக்கும், கூடவே சோப்பு, காஸ்டிக். திறந்த தொட்டியில் போட்ட சர்க்கரையைப் பூஞ்சைக்கு முன்னால் பாக்டீரியா தின்றுவிடும். பூஞ்சைக்கு நாள்கணக்கில் அவகாசம் வேண்டும், பட்டறைக்காரருக்குச் சாயங்காலத்துக்குள் தொட்டி காலியாக வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு வழி உண்டு. பூஞ்சையைத் தேங்காய் நாரிலோ பீர்க்கங்கூட்டிலோ வைக்கோலிலோ குடியேற்றிப் படுக்கையாக்கி, அதன் வழியே நீரை மெல்ல விடலாம். சிப்பிக் காளான் அறுவடை முடிந்ததும் எருக்குழிக்குப் போகும் வைக்கோலில் இந்த நொதிகள் இன்னும் இருக்கின்றன. காளான் பண்ணை வைத்திருப்பவர் அதைத் தூக்கி எறிகிற நிலையில், சாயத் தொட்டிக்காரருக்கு அது இலவசச் சரக்கு.

சந்தை லாக்கேஸை எங்கே முதலில் பயன்படுத்தியது தெரியுமா? டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் 1996இல் டெனிலைட் என்ற பெயரில் அதை விற்க ஆரம்பித்தது, ஜீன்ஸ் துணியின் நீலத்தை வேண்டுமென்றே மங்க வைக்க. புதுத் துணியைப் பழசாகக் காட்டுவதற்குக் காசு கொடுக்க ஆள் இருந்தார்கள். ஆற்றுக்குப் போகும் நீரை வெளுக்க அதே நொதிக்கு அப்படி ஒரு வாடிக்கையாளர் இன்னும் கிடைக்கவில்லை.

இதற்கெல்லாம் மேல் உப்பு. பூஞ்சை உப்பைத் தின்னாது. கண்ணாடி போல் தெளிந்து வெளியே வரும் நீரிலும் போட்ட உப்பு அப்படியே இருக்கும். ஆற்றில் விட அனுமதிக்கும் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். சாயக்கழிவில் அது பல ஆயிரம் இருக்கும். திருப்பூர் கற்ற பாடம் இதுவே. நொய்யலில் 1992இல் பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் குட்டையானது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டும் வெளியே விடாதே என்றது. அது நடக்காமல் போகவே 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடவே உத்தரவிட்டது. அதன் பிறகு அங்கே எதிர்சவ்வூடு பரவல், ஆவியாக்கிகள் என்று கோடிக்கணக்கில் செலவு. நிறம் போய்விட்டது என்று காட்டி அனுமதி வாங்க எவராவது காளானைத் தூக்கி வந்தால், உப்பை என்ன செய்தாய் என்று கேட்டாக வேண்டும். நிறத்தை மட்டும் எடுத்துவிட்டால் அந்த நீர் முன்னைவிட ஆபத்து என்றுகூடச் சொல்வேன். ஆற்றைப் பார்த்து ஊர் கூச்சல் போட இருந்த ஒரே அடையாளமும் போய்விடும்.

உப்பில் வாழும் பூஞ்சையும் உண்டு. கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனத்தில் சந்திரலதா ரகுகுமார், பவளத்தீவுக் கடற்கழியில் அழுகிக் கிடந்த கடற்புல்லிலிருந்து ஃபிளாவோடன் ஃபிளாவஸ் என்ற பூஞ்சையைப் பிரித்தெடுத்தார். கடல்நீரின் உப்பிலேயே அது லிக்னினை உடைக்கும், சாயத்தையும் வெளுக்கும். உப்பு கூடினால் பூஞ்சை செத்துவிடும் என்ற கவலை அதனால் குறைகிறது. உப்பு மட்டும் நீரிலேயே நிற்கிறது.

ஆகையால் காளான் படுக்கைக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சாயத் தொட்டியின் முதல் நீரையும் பின்னால் வரும் அலசல் நீரையும் ஒரே குழாயில் விடக் கூடாது. முதல் நீர் அளவில் குறைவு, உப்பின் பெரும்பகுதி அதில்தான். அதைத் தனியே வாங்கிப் பூச்சுப் போட்ட தொட்டியில் வெயிலில் வற்ற விட்டால் உப்பு கையில் நிற்கும். அலசல் நீர் நிறைய, உப்பு கொஞ்சம். காளான் படுக்கைக்குப் பொருத்தம் அதுதான். சித்தூர் வெயிலுக்கு மாசி முதல் ஆவணி வரை வற்றுவதில் பெரும்பாலும் சிரமம் இல்லை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது மேலே ஆந்திராவில் அம்மப்பள்ளி அணையைத் திறந்தார்கள் என்று கீழே நம் பள்ளிப்பட்டில் வெள்ள எச்சரிக்கை விடுகிற நாட்களில் திறந்த உப்புத் தொட்டியும் வழிந்து குசஸ்தலிக்கே போகும். மழைக்காலத்தின் அந்த மூன்று மாதத்துக்கு அடர்சாய வேலையை நிறுத்தி வைப்பதா, தொட்டிக்குக் கூரை போடுவதா, கூரைச் செலவைப் பட்டறைகள் கூட்டாகப் போடுவதா என்பதைத் தீபாவளி ஆர்டர் குவிகிற அந்தப் பருவத்துக்கு முன்பே பேசி முடித்தாக வேண்டும்.