மெயின்ஸ் கட்டுரைத் தாள்: மார்க் எங்கே போகுது?

யுபிஎஸ்சி மெயின்ஸில் கட்டுரைத் தாளுக்கு 250 மார்க். மூணு மணி நேரத்தில் ரெண்டு கட்டுரை, ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,200 வார்த்தைகள். தமிழிலேயே எழுதலாம். இன்டர்வியூவுக்கே 275தான்!

முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் பள்ளியிலேயே பழகியவைதான். சறுக்கும் இடம் மையக்கருத்து. அப்படின்னா? கட்டுரை எதை விளக்கப்போகிறது என்று சொல்லும் ஒற்றை வாக்கியம்.

உதாரணத்துக்கு, ‘மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது’ என்பது வெறும் தகவல். அதைப் பிடித்துக்கொண்டு ரெண்டு பக்கம் ஓட்ட முடியாது. ‘பம்புசெட் இல்லாத டெல்டா விவசாயியின் குறுவையை மேட்டூர் திறக்கும் தேதிதான் முடிவு செய்கிறது’ என்பது மையக்கருத்து. ஜூன் 12 ஏன் முக்கியம், திறப்பு தள்ளிப்போனால் நாற்று விடுவது என்னாகும், நிலத்தடி நீர் இருப்பவர் எப்படித் தப்பிக்கிறார் என்று பத்திகள் தானாக வரிசை கட்டும். அந்த 1934-ம் ஏதோ ஒரு பத்தியில் ஆதாரமாகப் போய் உட்காரும்.

ஒரு பத்திக்கு ஒரே கருத்து, அது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். முடிவுரையில் புதுத் தகவல் கூடாது. முன்னுரையில் திருக்குறள்? பொருந்தினால் ஓகே. எல்லா தலைப்புக்கும் ஒரே குறள் என்றால், திருத்துபவர் கண்டுபிடித்துவிடுவார்.