நாடாளுமன்ற வாசலில் 1980, 2024

1979 டிசம்பர் 12 இரவு சியோலில், தென்கொரிய அதிபர் சோய் கியூ ஹா முன்னால் ஒரு தாளை நீட்டினார்கள். தரைப்படைத் தலைமைத் தளபதியைக் கைது செய்ய அவர் ஒப்புதல் தரவேண்டும். கேட்டு வந்தவர் ராணுவ உளவுப் பிரிவின் தலைவர் சுன் டூ ஹுவான். பாதுகாப்பு அமைச்சர் நேரில் வந்து சொல்லாமல் கையெழுத்துப் போட முடியாது என்று சோய் மணிக்கணக்கில் மறுத்தார். அதற்குள் தளபதியைத் துப்பாக்கி முனையில் கொண்டுபோய்விட்டார்கள். விடியும் நேரத்தில் அமைச்சரையும் பிடித்து வந்து நிறுத்தினார்கள். சோய் கையெழுத்திட்டார், பக்கத்திலேயே தேதியையும் நேரத்தையும் எழுதினார். எல்லாம் நடந்து முடிந்தபின் வாங்கிய ஒப்புதல் அது என்பதற்கு அந்த அதிகாலை நேரமே சாட்சி.

அவருடைய ஆட்சி முழுவதையும் அந்தத் தாளில் பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றும். தவறு என்று தெரிந்திருந்தது, பதிவு செய்தார், தடுக்க முடியவில்லை. 1979 அக்டோபர் 26 அன்று அதிபர் பார்க் சுங் ஹீயை அவருடைய உளவுத்துறைத் தலைவரே சுட்டுக் கொன்றபோது சோய் பிரதமர். வெளியுறவுப் பணியில் வளர்ந்தவர். கட்சியும் கிடையாது, படையும் கிடையாது. அதிபரானதும் பார்க் காலத்து அவசர ஆணையை நீக்கினார், எதிரணித் தலைவர் கிம் டே ஜுங்கின் வீட்டுக்காவலை விலக்கினார். அடுத்து வந்த மாதங்களை மக்கள் ‘சியோல் வசந்தம்’ என்றார்கள். ஆனால் சோயின் ஆட்சி எட்டே மாதம்தான். தென்கொரியாவில் அத்தனை குறைந்த காலம் பதவியில் இருந்த அதிபர் வேறு யாரும் இல்லை.

1980 மே 17 இரவு அமைச்சரவை கூடியது. நடைக்கூடம் நெடுக ஆயுதம் ஏந்திய சிப்பாய்கள். விவாதம் இல்லாமல் எட்டு நிமிடத்தில் ராணுவச் சட்டம் நாடு முழுமைக்கும் விரிக்கப்பட்டது. அதுவரை ஜெஜு தீவுக்கு மட்டும் விலக்கு இருந்தது. சின்னத் தீவுதானே என்று விட்டுவிட முடியாது: ஓரிடம் விலக்கப்பட்டிருக்கும்வரை ராணுவச் சட்டத் தளபதி பாதுகாப்பு அமைச்சருக்குக் கட்டுப்பட்டவர். நாடு முழுமைக்கும் என்றாகிவிட்டால் அமைச்சர் நடுவில் இல்லை. மேலே இருப்பவர் அதிபர் மட்டுமே. அந்த அதிபரோ கைகட்டப்பட்டவர்.

ராணுவச் சட்டத்தை நீக்கும்படி நாடாளுமன்றம் பெரும்பான்மையோடு கேட்டால் அதிபர் நீக்கியே ஆகவேண்டும் என்ற விதி அன்றைய அரசமைப்பிலும் இருந்தது. பார்க் தன் வசதிக்காக எழுதிக்கொண்ட அரசமைப்புதான் அது, ஆனாலும் இருந்தது. இதைப் பேசத்தான் மே 20 அன்று கூட்டம் குறிக்கப்பட்டிருந்தது. உறுப்பினர்கள் வந்தபோது யோயிடோவில் உள்ள நாடாளுமன்ற வாசலைச் சிப்பாய்கள் மறித்து நின்றார்கள். கூட்டம் நடக்கவில்லை. அந்த நாட்களில்தான் குவாங்ஜு நகரில் பாராசூட் படையினர் ராணுவச் சட்டத்தை எதிர்த்த மக்களைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 16 அன்று சோய் பதவி விலகினார்; அந்த மாதமே சுன் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

2024 டிசம்பர் 3 இரவு பத்தரை மணியளவில் அதிபர் யூன் சுக் இயோல் தொலைக்காட்சியில் தோன்றி ராணுவச் சட்டத்தை அறிவித்தார். இம்முறை அமைச்சரவைக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். அதே யோயிடோ, அதே கட்டடம், ஹெலிகாப்டரில் வந்திறங்கிய சிறப்புப் படை. விதியும் ஏறக்குறைய அதேதான், 1987ஆம் ஆண்டு அரசமைப்பின் 77ஆம் பிரிவு. மாறியிருந்தவர்கள் மனிதர்கள். அந்தக் குளிரில் சனங்கள் வாசலுக்கு ஓடிவந்து வண்டிகளை மறித்தார்கள். அறுபத்தேழு வயது சபாநாயகர் ஊ வான் ஷிக் மதில் ஏறிக் குதித்து உள்ளே போனார். உதவியாளர்கள் மேசை நாற்காலிகளை அடுக்கிக் கதவுகளை அடைத்தார்கள். நள்ளிரவு ஒரு மணிக்கு, வந்து சேர்ந்திருந்த 190 உறுப்பினர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் நீக்கச் சொல்லி வாக்களித்தார்கள். விடிவதற்குள் ராணுவச் சட்டம் நீங்கியது.

முதலில் எங்கே ஓடவேண்டும் என்று அந்த மக்களுக்கு எப்படித் தெரிந்தது? சோய் சொல்லித் தெரியவில்லை. 1980இல் திரைமறைவில் நடந்ததைச் சொல்லியிருக்கக் கூடியவர்களில் முதன்மையானவர் அவர். நாடாளுமன்ற விசாரணைக்கு வர மறுத்தார். 1996இல் சுன் மீதான வழக்கில் நீதிமன்றத்துக்கு அழைத்துவரப்பட்டும் வாய் திறக்கவில்லை. பதவிக்காலச் செயல்களுக்கு முன்னாள் அதிபர் சாட்சி சொல்வது கெட்ட முன்னுதாரணம் என்பது அவர் சொன்ன காரணம். 2006இல் இறக்கும்வரை மௌனம்தான். சியோலின் சோக்யோ டோங்கில் அவர் குடியிருந்த வீடு இன்று அருங்காட்சியகம். கடைசிவரை கரிக்கட்டி அடுப்பு எரித்த எளிமையை அங்கே காணலாம். அந்த எளிமையை மதிக்கிறேன், அந்த மௌனத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை. குவாங்ஜுவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு அவர் வாய்ச்சொல் ஒரு கடன்.

அவர் சொல்லாததை மற்றவர்கள் சொன்னார்கள். தாய்மார் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று சொன்னார்கள், எழுத்தாளர் ஹான் காங் நாவலாக எழுதினார். டிசம்பர் 12 இரவைப் பற்றி 2023இல் வந்த திரைப்படத்தை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு வாசலில் நின்றவர்களுக்கு அந்த இரவு பழங்கதை இல்லை.

விசாரணையும் வேறு மாதிரி நடந்தது. தன் பதவிநீக்க வழக்கில் யூன் தானே வந்து உட்கார்ந்தார். சிறப்புப் படைத் தளபதி, உள்ளே இருந்தவர்களை வெளியே இழுத்துவரச் சொல்லித் தனக்கு உத்தரவு வந்ததென்று நீதிபதிகள் முன் சொன்னார். 2025 ஏப்ரல் 4 அன்று எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக யூனைப் பதவி நீக்கினார்கள். நாடாளுமன்றத்தால் அவ்வளவு விரைவில் வாக்களிக்க முடிந்ததற்குக் காரணம், குடிமக்கள் எதிர்த்து நின்றதும் சிப்பாய்களும் காவலர்களும் உத்தரவை முழுமூச்சாக நிறைவேற்றாததும்தான் என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள்.