கிரீம் கலந்த கோழிப் பாஸ்தா சூப்: அபாயமும் பரிகாரமும்

மேனாட்டார் குளிர்கால இரவுகளில் விரும்பி உண்ணும் பதார்த்தங்களுள் ஒன்றாகிய, கோழியிறைச்சியும் பாஸ்தாவும் சேர்த்துக் கிரீம் கலந்து காய்ச்சும் கெட்டியான சூப், இன்று நம் ஊர்ப் பிள்ளைகளும் கேட்டு வாங்கி உண்ணும் உணவாகிவிட்டது. உணவு விடுதியில் அதற்கு விலை அதிகம் என்பதாலும், வீட்டில் செய்தால் சுத்தமாக இருக்கும் என்ற நம்பிக்கையாலும், பல இல்லங்களில் அதை வீட்டிலேயே செய்யத் தொடங்கியிருக்கின்றனர். இந்த நம்பிக்கை பாதியளவுதான் நியாயமானது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை, 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை செய்தபோது, அது தக்க நடவடிக்கையே என்று வரவேற்றவர்களுள் பலர், இரவு மிஞ்சிய சூப்பை அடுப்பின்மேலேயே மூடிவைத்துவிட்டு மறுநாள் காலையில் சூடுபண்ணிக் குழந்தைக்குக் கொடுப்பதில் யாதொரு தோஷமும் இருப்பதாக நினைப்பதில்லை. சட்டம் நம்மைக் காப்பது கடைக்காரர் கையிலிருந்து பொருள் நம் கைக்கு வரும் வரையில்தான். அதன்பின் நடப்பதற்கு நாமே பொறுப்பு. இவ்விரண்டு எல்லைகளையும் தெளிவாக அறிந்துகொள்வது அவசியம்.

முதலில் வாங்கும் விஷயம். கறிக்கடையாயினும் பல்பொருள் அங்காடியாயினும், உணவுப் பொருள் விற்பவர் ஒவ்வொருவரும் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் உரிமமோ பதிவோ பெற்றிருக்க வேண்டும் என்பதும், அதன் 14 இலக்க எண்ணைப் பில்லில் குறிப்பிட வேண்டும் என்பதும் விதி. கிரீம் பெட்டியைக் கையில் எடுத்ததும் அதன் பின்புறத்தைப் படியுங்கள். பாலிலிருந்து எடுத்த கிரீமில் குறைந்தபட்சம் 25 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும். தாவரக் கொழுப்பில் செய்த போலிக் கிரீமும் அதே அலமாரியில், ஏறக்குறைய அதே தோற்றத்தில் நிற்கும், ஆனால் அதன் சேர்மானப் பட்டியல் உண்மையைச் சொல்லிவிடும். கோதுமையின் குளூட்டன், பால், முட்டை, சோயா முதலிய ஒவ்வாமைப் பொருள்கள் சேர்ந்திருந்தால் அதைத் தனியே அறிவிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் லேபிள் ஒழுங்குமுறை கட்டளையிடுகிறது. இவற்றுள் முதலிரண்டும் இந்தச் சூப்பில் நிச்சயமாக உள்ளவை; ஆதலால் விருந்தினருக்குப் பரிமாறுமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நம் கடமை.

பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் என்னும் கிருமிகள் இருக்கக்கூடும் என்பது உலகெங்கும் அறியப்பட்ட உண்மை. மஞ்சளும் உப்பும் போட்டு நாலு தண்ணீரில் அலசினால் கிருமி போய்விடும் என்று நாம் பரம்பரையாக நம்பி வருகிறோம்; ஆனால் கிருமியை அழிப்பது வெப்பமே. குழாயை வேகமாகத் திறந்து கழுவும்போது தெறிக்கும் நீர்த்துளிகள், பக்கத்தில் வைத்திருக்கும் கொத்தமல்லியிலும் கழுவி அடுக்கிய தட்டுகளிலும் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன என்பதால், மேனாட்டு உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் கோழியைக் கழுவவே வேண்டாம் என்கின்றன. இரத்தமும் இறகுத் துணுக்கும் ஒட்டியிருக்கும் நம் கறிக்கடைக் கோழிக்கு அந்த அறிவுரையை அப்படியே கைக்கொள்வது கடினம் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே, பாத்திரத்தில் நீரை நிரப்பிக் குழாயை அடைத்துவிட்டு, அதனுள்ளேயே மெதுவாக அலசி, நீரைத் தெறிக்காமல் கொட்டி, பிறகு சிங்க்கையும் கையையும் சோப்பிட்டுக் கழுவுவதே நமக்கு ஏற்ற வழி. கோழி வெட்டிய பலகையில் காரட்டை வெட்டக் கூடாது.

இனிச் சமையல். நால்வருக்கு 300 கிராம் எலும்பில்லாத கோழி, 150 கிராம் பாஸ்தா, இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய், அதே அளவு மைதா, ஒரு லிட்டர் கோழி வேகவைத்த நீர், ஒரு டம்ளர் பால், 100 மில்லி கிரீம் ஆகியவை போதும். வெண்ணெயில் வெங்காயம், பூண்டு, காரட் ஆகியவற்றை வதக்கி, மைதாவைத் தூவிச் சிவக்காமல் வறுத்து, கோழி நீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டி விழாமல் கிளறி, கோழித்துண்டுகளை இட்டு வேகவிட வேண்டும். இறைச்சியின் நிறம் வெளுத்துவிட்டது என்பது வெந்ததற்குப் போதிய சாட்சியன்று. தடித்த துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை அடைய வேண்டும். சமையலறை வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அது இல்லாதவர்கள் துண்டுகளைச் சிறிதாக நறுக்கி, கொதிநிலையில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவிடுவது உத்தமம். பாலையும் கிரீமையும் கடைசியில், தீயைத் தணித்தபின் சேர்த்தால் திரிந்துபோகாது. பாஸ்தாவை வேறு பாத்திரத்தில் வேகவைத்து, பரிமாறும் வேளையில் மட்டும் கலக்க வேண்டும். சூப்பிலேயே கிடந்தால் அது சாற்றையெல்லாம் உறிஞ்சிக் களியாகிவிடும்.

பெரும்பாலோர் அறியாத அபாயம் அடுப்பை அணைத்த பிறகுதான் ஆரம்பமாகிறது. பாசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமி, சோறு, பாஸ்தா போன்ற மாவுப்பொருள்களில் விதை போன்ற வித்துருவில் தங்கியிருந்து, கொதிக்கும் நீரிலும் சாகாமல் பிழைத்து, உணவு வெதுவெதுப்பாக ஆறிக்கிடக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி, ஒரு விஷத்தைச் சுரக்கிறது. அந்த விஷம் உருவான பின்னர் எத்தனை முறை கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. பெல்ஜியத்தில், 2008-ஆம் ஆண்டில், 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள்களுக்கு முன் சமைத்து ஃபிரிட்ஜில் வைக்காமல் விட்டிருந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கி உண்டு, மறுநாள் பொழுது விடிவதற்குள் கல்லீரல் செயலிழந்து இறந்துபோனார். இத்தகைய மரணம் மிக அபூர்வம்தான். ஆனால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் அபூர்வமல்ல. பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறும் இறைச்சிக் குழம்பிலும் சூப்பிலும் பெருகுவது கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்னும் மற்றொரு கிருமி. நம் கோடைகால இரவில், அடுப்பின்மேல் மூடிவைத்த பாத்திரம் இவ்விரண்டுக்கும் ஏற்ற இடம்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டும் காலத்தில் ஒரு மணி நேரமே எல்லை. மிஞ்சிய சூப்பை அகன்ற, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, குளிர்ந்த நீர் நிரம்பிய தாம்பாளத்தில் வைத்துச் சூட்டைத் தணித்து, உடனே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மூன்று நாள்களுக்குள் அதை உண்டுவிட வேண்டும். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, தளதளவென்று ஒரே ஒருமுறை கொதிக்கவிட வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால், கதவைத் திறக்காத ஃபிரிட்ஜ் ஏறக்குறைய நாலு மணி நேரமே குளிர்ச்சியைக் காக்கும். அதற்கும் மேலாகிவிட்டால், மோந்துபார்த்து முடிவு செய்யாதீர்கள், கொட்டிவிடுங்கள். கெட்ட வாடை இல்லாத உணவிலும் விஷம் இருக்கக்கூடும். வீணாகிறதே என்ற மனவருத்தம் எனக்கும் உண்டு, ஆனால் நோயாளிக் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதைவிட அது சகிக்கத்தக்கது.

இத்தனை ஜாக்கிரதைக்குப் பின்னும் நோய் வந்தால், உப்பு-சர்க்கரைக் கரைசலை அடிக்கடி கொடுங்கள்; மலத்தில் இரத்தம், அதிகக் காய்ச்சல், சிறுநீர் குறைதல், ஓயாத வாந்தி ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். கடைசியாக உண்ட உணவின்மேல் பழி சுமத்துவது மனித சுபாவம். ஆனால் காரணம் அதற்கு முந்தைய உணவாகவும் இருக்கலாம்: பாசில்லஸ் விஷம் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தியை உண்டாக்கும். காம்பைலோபாக்டரோ இரண்டு முதல் ஐந்து நாள்கள் கழித்தே தலைகாட்டும். ஆகவே நோய்க்கு முந்தைய அந்த நாள்களில் உண்டவை அனைத்தையும் எழுதி வைத்துக்கொண்டு, மலப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரைக் கேட்டு, அவர் எழுதும் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

தவறு விற்பவருடையதானால், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. அதன் 65-ஆம் பிரிவின்படி, பாதிப்புக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலும், கொடுங்காயத்துக்கு மூன்று லட்சம் வரையிலும், மரணம் நேர்ந்தால் ஐந்து லட்சத்துக்குக் குறையாமலும் நஷ்டஈடு உண்டு. 40-ஆம் பிரிவு, வாங்குபவரே கட்டணம் செலுத்திப் பொருளைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம் என்றும், குற்றம் நிரூபணமானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்றும் கூறுகிறது. ஆனால் அந்த உத்தேசத்தை வாங்கும்போதே கடைக்காரரிடம் தெரிவித்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்தபின் சந்தேகம் எழுந்தவருக்கு இப்பிரிவால் பிரயோசனம் குறைவு. அவர், எஞ்சிய பொருளை உறையோடு மூடி, யாரும் உண்டுவிடாதபடி சீட்டு ஒட்டி, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மாவட்ட நியமன அலுவலருக்குப் புகார் அனுப்புவதே முறை. அவர் கீழுள்ள அலுவலர்கள் கடைக்கே சென்று மாதிரி எடுக்க அதிகாரம் பெற்றவர்கள்.

இதுவன்றி, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள், தாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலும் முறையிடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதாயின் கட்டணமும் கிடையாது. ஆயினும் பில் இல்லாதவரின் வழக்கு பெரும்பாலும் தொடங்குமுன்பே தளர்ந்துவிடுகிறது. ஆதலால் கோழிக்கும் கிரீமுக்கும் பில் கேட்டு வாங்குங்கள். கிரீம் பெட்டியையும் அந்தப் பில்லையும் ஒரு வாரம் வரை எறியாமல் வைத்திருங்கள். சந்தேகம் எழுந்த அன்றே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள்.